சபை மாறியோர் நோக்கில் முன்னைத் திருச்சபை: நியூமன், மானிங் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஒரு திருச்சபையை விட்டு மற்றொன்றைத் தழுவியவர், தாம் விட்டுவந்த சபையைப் பற்றி எழுதியவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பது சமய வரலாற்றாய்வில் தொடர்ந்து எழும் வினாவாகும். உள்ளிருந்து கண்டவரின் நேர்ச்சான்று என அவற்றை அப்படியே ஏற்பாரும் உளர். விலகியவரின் மனக்கசப்பு என ஒதுக்குவாரும் உளர். இவ்விரு நிலைகளும் ஆய்வுக்கு முழுமையாகத் துணைசெய்வன அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து கத்தோலிக்கத்திற்குச் சென்ற ஜான் ஹென்றி நியூமன் (1801–1890), ஹென்றி எட்வர்டு மானிங் (1808–1892) ஆகிய இருவரும் ஒரே சபையில் குருக்களாக இருந்தவர்கள். பின்னர்க் கத்தோலிக்கக் கர்தினால்களாக உயர்ந்தவர்கள். எனினும் முன்னைச் சபை பற்றிய அவர்தம் பார்வை ஒன்றுபடவில்லை. விலகியதற்கான காரணமே விலகிய சபையைக் காணும் பார்வையையும் பெரிதும் உருவாக்கியது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

விலகலின் காரணங்கள்

நியூமன் விட்டுவந்த சீர்திருத்தக் கிறித்தவம் ஒருபடித்தானதன்று. 1816இல், பதினைந்தாம் வயதில், நற்செய்திவாதப் பிரிவின் தாக்கத்தால் ஆழ்ந்த சமய அனுபவம் பெற்றார். ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரி ஆய்வாளரான பின் அப்பிரிவினின்றும் விலகி, தொன்மைத் திருச்சபையின் மரபை முதன்மையாகக் கொண்டார். 1833இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கியபோது, ஆங்கிலிக்கன் சபை புராட்டஸ்டண்டியத்திற்கும் உரோமைக்கும் இடைப்பட்ட நடுவழி என்று வாதிட்டார். 1839இல், கிறித்துவுக்கு ஓரியல்பே உண்டு என்ற ஐந்தாம் நூற்றாண்டுக் கொள்கையினரின் வரலாற்றைக் கற்றபோது அந்த நடுவழிக் கோட்பாடு அவருள் ஆட்டம் கண்டது. பண்டைப் பிளவினர் நின்ற இடத்தில் தம் சபை நிற்பதாக அவருக்குத் தோன்றியது. ஆறாண்டுக் கால ஐயத்திற்கும் ஆய்வுக்கும் பின்னரே, 1845 அக்டோபர் 9ஆம் நாள் லிட்டில்மோரில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

மானிங்கின் வழி வேறு. சிசெஸ்டர் மறைமாவட்டத்தின் ஆர்ச்டீக்கனாக இருந்த அவரை அசைத்தது ஒரு வழக்காகும். திருமுழுக்கினால் மறுபிறப்பு உண்டாகிறது என்ற கோட்பாட்டை முழுமையாக ஏற்காத கோர்ஹாம் என்னும் குருவுக்குப் பங்குப்பணி அளிக்க எக்ஸிட்டர் ஆயர் மறுத்தார். 1850இல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு கோர்ஹாமுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. விசுவாசக் கோட்பாட்டில் இறுதிச் சொல் அரசின் நீதிமன்றத்திற்கு உரியதாயின், அச்சபைக்குத் தெய்விக அதிகாரம் ஏது என்பது மானிங்கின் வினாவாயிற்று. 1851இல் அவர் கத்தோலிக்கரானார். ஆக, நியூமன் வரலாற்றின் வழியாகவும், மானிங் அதிகாரம் பற்றிய வினாவின் வழியாகவும் வெளியேறினர் எனலாம்.

1864: இரு பார்வைகள்

இவ்வேறுபாடு 1864இல் வெளிவந்த இரு எழுத்துகளில் தெளிவுறுகிறது. ஆங்கிலிக்கன் சபையிலேயே தங்கிவிட்ட பியூசி, அச்சபையை நம்பிக்கையின்மைக்கு எதிரான அரணாகப் போற்றியிருந்தார். அவருக்கு எழுதிய திறந்த மடலில் மானிங் இதனை மறுத்தார். ஆங்கிலிக்கர் தனிமனிதர்களாகப் பெறும் இறையருளை அவர் ஐயுறவில்லை, அதற்காக மகிழ்ந்தார். ஆனால் திருச்சபை என்ற அமைப்பாக அது நம்பிக்கையின்மையைத் தடுக்கவில்லை, மாறாக அதற்கு வழிவிட்டது என்பது அவர்தம் முடிவு. அதிகாரம் இழந்ததாக அவர் கண்ட சபை அவருக்கு அரணாகத் தோன்ற இயலாது.

அதே ஆண்டில், கத்தோலிக்கக் குருக்களின் வாய்மையைப் பழித்த சார்லஸ் கிங்ஸ்லிக்கு விடையாக நியூமன் ‘அப்பாலஜியா புரோ வீட்டா சுவா’ என்னும் தன்வரலாற்றை எழுதினார். தம் இளமையை ஆட்கொண்ட நற்செய்திவாத எழுத்தாளர் தாமஸ் ஸ்காட்டுக்குத் தம் ஆன்மாவே கடன்பட்டுள்ளது என்னும் அளவுக்கு அதில் நன்றி கூறினார். ஆங்கிலிக்கன் சபையைத் தெய்விகத் திருச்சபையாக ஏற்க அவர் மறுத்ததும் அந்நூலில் ஐயத்திற்கு இடமின்றி உள்ளது. எனினும் அந்நூலின் பின்னிணைப்பில், தன்னினும் பெரும் பிழைகளைத் தடுத்து நிறுத்தும் பயனுள்ள அலைதடுப்பு என்று அதனை மதித்தார். உரிமை மறுப்பும் நன்றியுணர்வும் ஒரே நூலில் உடன் நிற்கின்றன. அந்நூல் பெரும்பாலும் ஆங்கிலிக்கரான வாசகரை நோக்கி எழுதப்பட்டது என்பதும் கருதத்தக்கது. ஆயினும் அவைக்கேற்ற மென்மை என்று மட்டும் இதனை ஒதுக்க இயலாது. பின்னைய சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை.

நியூமனின் பார்வையில் நேர்ந்த மாற்றம்

தொடக்கத்தில் நியூமனும் கடுமையாகவே எழுதினார். 1848இல் வெளிவந்த ‘லாஸ் அண்ட் கெய்ன்’ என்னும் புதினம் ஆக்ஸ்போர்டின் சமயச் சூழலை எள்ளி நகையாடியது. ஆங்கிலிக்கன் சபையில் தங்கிவிட்ட இயக்கத்தாரை நோக்கி 1850இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், அவர்தம் இயக்கத்திற்கு அந்தத் தேசியச் சபையில் இடமில்லை என்று வாதிட்டார். பிறரையும் தம்மோடு அழைக்கும் நோக்கம் அவ்வெழுத்துகளுக்கு இருந்தது.

பிற்காலச் செயல்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. ஆங்கிலிக்கக் குருவாக அவர் ஆற்றிய மறையுரைகள் 1868 முதல் எட்டுத் தொகுதிகளாக மறுபதிப்புப் பெற்றன. பதிப்பித்தவர், முன்னர் அவருடன் பணியாற்றி ஆங்கிலிக்கராகவே வாழ்ந்த கோப்லண்டு என்னும் குரு ஆவார். 1837இல் உரோமைக்கு எதிராக எழுதிய நடுவழிச் சொற்பொழிவுகளை 1877இல் நியூமனே மீண்டும் வெளியிட்டார். பழைய பாடத்தை அழிக்காமல், புதிய முன்னுரையும் திருத்தக் குறிப்புகளும் சேர்த்தார். முன்னை நம்பிக்கை மறைக்கப்படவில்லை; விடையளிக்கப்பட்டது. 1843இல், ஆங்கிலிக்கராக இருந்தபோதே, கத்தோலிக்கத்தைப் பழித்துத் தாம் கூறியவற்றைப் பொதுவில் திரும்பப் பெற்ற நேர்மையின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சபை மாறியோரின் எழுத்து முன்னைச் சபையை மட்டும் காட்டுவதன்று. எழுதியவர் எவ்வழியே வெளியேறினார் என்பதையும் காட்டுகிறது. அதிகாரத்தைத் தேடிய மானிங் முன்னைச் சபையில் அதன் இன்மையைக் கண்டார். உண்மையின் தொடர்ச்சியைத் தேடிய நியூமன் அங்கே முற்றுப்பெறாத உண்மையைக் கண்டார். இரண்டாவது, ஒருவருடைய பார்வையே காலத்தாலும் அவையாலும் மாறுபடுவதால், ஒரு நூலைக் கொண்டு அவர்தம் முழு நிலைப்பாட்டை வரையறுத்தல் பிழையாகும். 1850ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளை மட்டும் படிப்பவர் 1877ஆம் ஆண்டின் நியூமனை அறியார்.

2010இல் அருளாளராகவும் 2019இல் புனிதராகவும் உயர்த்தப்பட்ட நியூமனைக் கத்தோலிக்கத் திருச்சபை 2025இல் மறைவல்லுநராக அறிவித்தது. அவர்தம் ஆங்கிலிக்கக் கால மறையுரைகளை இன்று இரு சபையாரும் பயில்கின்றனர். விட்டுவந்த சபையின் காலத்தில் எழுதியவற்றை அழிக்காது பேணியதாலேயே அவை இருவர்க்கும் பொதுவாயின. விலகியவர் விலகியதற்கு நீதி செய்ய இயலும் என்பதற்கு அம்மறுபதிப்புகள் சான்றாகின்றன.