காய்ச்சலுக்குப் பயந்து ஏறிய மலை



கோடைக்கானல் என்றதும் ஏரி, குதிரை, சாக்லேட் இவைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த ஊர் உல்லாசத்துக்காக ஏற்பட்டதல்ல. உயிருக்குப் பயந்து ஏற்பட்டது. பசுமலையில் 1881-இல் நம் கல்லூரியைத் தொடங்கிய அதே அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு அந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனார் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். வந்த சில வருஷங்களிலேயே காலராவும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின. முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனிமலைக்கு ஏறி, சுமார் 7000 அடி உயரத்தில், 1845-இல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். கோடைக்கானல் ஊரின் ஆரம்பம் அந்த இரண்டு வீடுகள்தான். ஏரி பிற்பாடு வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடைக்குக் கரை போட்டு உண்டாக்கியது அது.

கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது, மலைக்காற்று அதைத் தீர்க்கும் என்று அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். கொசு அதைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் ஆதாரம் கண்டது 1897-இல்தான். ஆக, காரணம் தெரியாமலே சரியான இடத்துக்கு ஏறிவிட்டார்கள்! அந்தக் குளிரில் மலேரியாக் கொசுவின் ஜம்பம் பலிக்காது.

ஏறுவது சுலபமா என்ன? ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் மலையடிவாரத் தோப்புக்குப் போகவேண்டும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. துரைமார் நடந்தோ குதிரையிலோ போவார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் கழியில் கட்டிய நாற்காலியில் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் தலைச்சுமைதான்.

மேலே போன பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. கீழே தனித்தனியாக ஊழியம் செய்த லுத்தரன் மிஷனார், ஆற்காடு மிஷனார், மதுரை மிஷனார் எல்லாரும் கோடை மாதங்களில் அங்கே ஒன்றாக ஜெபித்தார்கள். கோடைக்கானல் மிஷனரி யூனியன் என்று பொதுவாகச் சங்கமும் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் படிக்கக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் பிரிந்திருந்த பெற்றோருக்காக 1901-இல் அங்கேயே ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. 13 பிள்ளைகளோடு ஆரம்பித்த அதுதான் இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. இல்லாத ஒன்றை நான் கேட்டது, 1970-களின் கடைசியில் மாணவர் முகாமுக்குப் போனபோது. யூகலிப்டஸ் விறகுப் புகையில் கண் எரிய, சுக்குக் காபிக்காக அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பழைய மலைப்பாதையைப் பற்றிப் பேச்சு வந்தது. சமையல்காரப் பெரியவர் சொன்னார்: "எங்க தாத்தா தொரைசானிங்களத் தூக்கிட்டு வந்த பாதை தம்பி அது. மேல வந்ததும் அவங்க கம்பளியப் போத்திக்குவாங்க. தாத்தா வேர்த்த ஒடம்போட அன்னைக்கே கீழ எறங்கிருவாராம், மறுநாள் கூலி போயிருமேன்னு."

அடுப்பைச் சுற்றி நின்ற எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அதே காய்ச்சல் அந்தத் தாத்தாவுக்கும் வரும். கீழே கிராமத்தில் சித்திரை வெயிலில் சபையைப் பார்த்துக்கொண்ட தமிழ் உபதேசியாருக்கும் வரும். அவர்களுக்கு மலைமேல் பங்களா கிடையாது. மிஷனார் செய்த தொண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் நட்ட கல்வி மரத்தின் நிழலில் உட்கார்ந்துதான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் அவர்களை மேலே சேர்த்தது யாருடைய தோள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் முழுசாகும்.

1947-இல் நாடும் விடுதலை பெற்றது, தென்னிந்தியத் திருச்சபையும் உருவானது. ஒருகாலத்தில் துரைமார் மட்டும் தங்கிய மலையில் நம்மவர்களும் முகாம் போட்டு, தமிழில் பாடி, ஒரே பந்தியில் சாப்பிட்டோம். நாற்காலி தூக்கியவரின் பேரன் பரிமாற, ஓட்டு வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசி நாள் மட்டும் அவரை உட்காரவைத்து நாங்கள் பரிமாறினோம். அந்த முகாமில் எத்தனையோ பிரசங்கம் கேட்டோம். இன்றுவரை மனசில் நிற்பது அந்த ஒரு பந்திதான்.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஏரியைச் சுற்றுங்கள், தப்பில்லை. கூடவே அங்கே வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த மலரில் அது வரட்டும்.