கை, கால், வாய் நோய்: யாழ்ப்பாணக் குடாநாட்டில்

கை, கால், வாய் நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் வைரசு வருத்தம். ஓரிரு நாள் காய்ச்சல், வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளம் என்பன இதன் குறிகள். கொக்சாக்கி ஏ16, கொக்சாக்கி ஏ6, என்டரோவைரசு ஏ71 எனப் பல வைரசுகள் இதை உண்டாக்குகின்றன. ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைத் தடுக்காது. ஆகவே ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று தடவை வருவதும் உண்டு. 1957இல் கனடாவின் தொரொன்ரோ நகரில் பரவியபோது மருத்துவ ஏட்டில் இடம்பிடித்த இந்நோய்க்கு, 1959இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் பரவியபோது இன்றைய பெயர் வந்தது.

குடாநாட்டில் பெயர்க் குழப்பம்தான் முதற் சிக்கல். பிள்ளையின் உடம்பில் கொப்புளம் கண்டதும் வீட்டுப் பெரியவர்கள் "அம்மாள்" என்பார்கள். கொப்புளிப்பான் என்று எண்ணி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். மாடு வளர்க்கும் வீடுகளில் வேறொரு பயம்: மாட்டுக்கு வரும் கால்வாய் நோய் பிள்ளைக்குத் தொற்றிவிட்டதோ என்று. மாட்டு நோயின் வைரசும் இந்நோயின் வைரசுகளும் ஒரே வைரசுக் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். மாட்டு நோய் பிள்ளைக்கு இந்த வருத்தத்தைத் தராது. 2022இல் கேரளத்தில் "தக்காளிக் காய்ச்சல்" என்று பேசப்பட்டதற்குப் பின்னாலும் இந்த நோயே இருந்ததாகப் பின்னர் கண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் இலங்கையின் மேல் மாகாணத்துப் பிள்ளைகளிடையே இது பரவுவதாகக் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை வைத்தியர்கள் எச்சரித்தனர்.

வைரசு உடலில் புகுந்து மூன்று முதல் ஆறு நாளில் வருத்தம் தலைகாட்டும். பெரும்பாலும் தாய்க்கு முதலில் தெரிவது கொப்புளமன்று, பிள்ளையின் சாப்பாட்டு மறுப்பு. விரும்பித் தின்னும் இடியப்பத்தைச் சொதியோடு வாயில் வைத்ததும் வீரிட்டு அழும். விழுங்கப் பயந்து வீணீரை வடியவிடும். வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிவந்த வளையத்துக்குள் சிறு புண்கள் தெரியும். அடுத்த ஓரிரு நாளில் உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், முழங்கால் ஆகிய இடங்களில் நீள்வட்டமான, சாம்பல் படிந்த கொப்புளங்கள் எழும். கொப்புளிப்பான் நெஞ்சு, முதுகு, முகம், தலைமயிருக்குள் எனக் கூட்டம் கூட்டமாக வந்து கடுமையாகக் கடிக்கும். உள்ளங்கையில் அது குறைவு. ஆனால் கொக்சாக்கி ஏ6 தொற்றினால் கொப்புளம் உடம்பெங்கும் பரவக்கூடும். ஐயமிருந்தால் வைத்தியரிடம் காட்டுவதே சரி.

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகிய நான்கும் தொற்றின் வழிகள். இவற்றில் கடைசி வழியே நம் வீடுகளில் கவனத்துக்குத் தப்புவது. கொப்புளம் வற்றிப் பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கிய பிறகும் மலத்தில் வைரசு பல கிழமைகளுக்கு வெளியேறிக்கொண்டிருக்கும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட அம்மம்மா, கிணற்றடியில் கையில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து தம்பிக்குச் சோறு குழைத்து ஊட்டினால் தம்பிக்கும் வந்துவிடும். கால் கழுவிய பின்னும், பெம்பர்ஸ் மாற்றிய பின்னும், சமைக்குமுன்னும் சவர்க்காரம் போட்டு இருபது விநாடியாவது கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொரோனாக் காலத்தில் பழகிய அற்ககோல் திரவம் இந்த வைரசுக்குப் போதாது; இதற்குக் கொழுப்பு உறை இல்லாததால் அற்ககோலுக்கு எளிதில் மசியாது. முன்பள்ளியில் பிள்ளைகள் மாறி மாறி வாயில் வைக்கும் விளையாட்டுச் சாமான்களைச் சவர்க்காரத்தில் கழுவி, குளோரின் கரைத்த நீரால் துடைத்து, அலசி வெயிலில் காயவிடுவது நல்லது. தண்ணீர்ப் போத்தல், கரண்டி, துவாய் ஆகியவை பிள்ளைக்குப் பிள்ளை வேறாக இருக்க வேண்டும். காய்ச்சல் விட்டு, கொப்புளம் வற்றும்வரை பிள்ளையை வீட்டில் மறிப்பதோடு முன்பள்ளி ஆசிரியைக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரே வகுப்பில் பலருக்கு வந்தால் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அறிவிக்கலாம்.

அம்மாள் வருத்தம் என்று பிள்ளையை மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி வைக்கும் வழக்கம் இங்கே நன்மையே செய்கிறது. ஆனால் குளிக்கவார்க்காமல் விடுவதும் மருந்தை மறுப்பதும் கேடு.

நோயைக் குணமாக்கும் தனி மருந்து இல்லை. ஏழு முதல் பத்து நாளில் தானாக மாறும். வைரசு நோயாதலால் அன்ரிபயோற்றிக் உதவாது. வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிக்காமல் பிள்ளை வாடிப்போவதுதான் வீட்டில் கவனிக்க வேண்டிய ஆபத்து. ஆறிய கஞ்சி, இளநீர், தயிர், ஜீவனி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் கொடுக்கலாம். புளி, உறைப்பு, சூடு வேண்டாம். காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகும் மாதங்களில் இதை மறக்கவே கூடாது. ஐபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். கொப்புளத்தைப் பார்த்து இந்த நோய்தான் என்று நம்பியிருந்தாலும், காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அரிதாக, முக்கியமாக என்டரோவைரசு ஏ71 தொற்றினால், மூளையும் இதயமும் பாதிக்கப்படும். 1998இல் தைவானில் இது பெருவாரியாகப் பரவியபோது 78 பேர் இறந்தார்கள். சீனா 2015 டிசெம்பரில் இந்த ஒரு வைரசுக்கு எதிரான தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது; இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. தூக்கத்தில் பிள்ளை திடீர் திடீரெனத் துள்ளுவது, ஓயாத வாந்தி, நடை தள்ளாடுவது, எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடப்பது, மூச்சு வாங்குவது, கைகால் குளிர்வது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படியே. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் அருகிலுள்ளதற்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ போகலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நெடுந்தீவுப் பெற்றோருக்கும் இந்த வைத்தியசாலைகளுக்கும் இடையில் கடல் இருக்கிறது. அவர்கள் "பொழுதுபடும்வரை பார்ப்போம்" என்று இருந்தால் குறிகட்டுவானுக்கு வரும் படகு போய்விட்டிருக்கும்.

வருத்தம் மாறி ஒன்றிரண்டு மாதத்துக்குள் சில பிள்ளைகளுக்குக் கை, கால் நகங்கள் அடியிலிருந்து பிரிந்து கழன்றுவிடும். புதிதாக ஏதோ வந்துவிட்டதென்று தாய்மார் கலங்குவார்கள். இதில் வலியும் இல்லை, மருந்தும் தேவையில்லை. கழன்ற நகத்தின் கீழே புது நகம் ஏற்கெனவே முளைத்திருக்கும்.