கடமை நேரம் கழிந்த பின்

பிலடெல்பியா நகரிலே ஐக்கிய அமெரிக்காவின் நாணயசாலை ஒன்று உண்டு. அங்கே உருளைப் பொறியில் பணி புரிந்த தொழிலாளி ஒருவர், தம் சொந்த நேரத்தில், வட்டாரக் கட்சிச் செயற்குழுவில் உறுப்பினராயிருந்தார். தேர்தல் நாளன்று கட்சிக்காக உழைத்தோருக்குக் கூலி பகிர்ந்தளித்தார். நாணயசாலை வேலையில் அவர்மீது குறை கூறியவர் எவருமிலர். ஆயினும் அவரைப் பதவியினின்றும் அகற்ற சிவில் சேவை ஆணைக்குழு முற்பட்டது. ஓய்வு நேரத்தில் ஒருவன் செய்யும் அரசியல் அவனுடைய பிழைப்பைப் பறிக்கலாமோ?

இத்தகைய விதி ஏன் பிறந்தது என்பதை அறிய ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1829இல் அன்ட்ரூ ஜாக்சன் சனாதிபதியான காலந்தொட்டு, வென்ற கட்சிக்கே உத்தியோகம் என்ற வழக்கம் வேரூன்றியது. ஊழியர்கள் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கப்பமாகச் செலுத்தினர். 1881இல் உத்தியோகம் கிட்டாத ஒருவன் சனாதிபதி கார்பீல்டைச் சுட்டான். அவர் அவ்வாண்டே மாண்டார். அதன் பின்னரே, 1883இல், தகுதி கண்டு பதவி வழங்கும் பென்டில்ரன் சட்டம் நிறைவேறிற்று. கட்சிக்குப் பணம் தர மறுத்தவரை வேலைநீக்கம் செய்வதையும் அச்சட்டம் தடுத்தது.

ஆகவே முதற் சட்டம் ஊழியனைக் கட்சியினின்றும் காத்தது. பின்வந்தவையோ அவனையே கட்டின. 1892இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், அரசியல் செய்து பதவியிழந்த பொலிஸ்காரர் ஒருவரின் வழக்கை நீதியரசர் ஹோம்ஸ் தள்ளுபடி செய்தார். அரசியல் பேச அவருக்கு உரிமை இருக்கலாம், பொலிஸ்காரராயிருக்க உரிமையில்லை என்பதே அவர் கருத்து. கேட்பதற்குக் கூர்மையான வாதந்தான். வயிற்றுக்கும் வாய்க்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள் என்பதன்றி அதில் வேறென்ன உண்டு?

1938ஆம் ஆண்டுத் தேர்தலில், நிவாரண வேலை பெற்ற ஏழைகளிடம் வாக்கும் பணமும் வற்புறுத்திப் பெறப்பட்டன என்ற புகார் எழுந்தது. செனற்றர் ஹற்ச் கொணர்ந்த சட்டம் 1939இல் நிறைவேறியது. வற்புறுத்தலைத் தடுத்ததோடு அது நில்லாது, கூட்டரசின் ஊழியர் தாமாக விரும்பிக் கட்சிப்பணியில் ஈடுபடுவதையும் விலக்கியது. வாக்களிக்கலாம், கருத்துச் சொல்லலாம், அதற்கு மேல் ஆகாது.

நாணயசாலைத் தொழிலாளி சிக்கியது இச்சட்டத்தில். தொழிற்சங்கத்தோடு வேறு பலரும் சேர்ந்தே வழக்குத் தொடுத்தனர். ஆனால் விதியை உண்மையில் மீறியவர் அவர் ஒருவரே. மற்றையோர் மீற விரும்புவதாக மட்டுமே கூறினமையால் அவர்கள் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஆராயவில்லை. வேலையை இழக்கத் துணிந்தவனுக்கே நீதிமன்றக் கதவு திறந்தது! 1947இல் நால்வர் எதிர் மூவர் என்ற கணக்கில் அவர் தோற்றார். பொறி இயக்கும் தொழிலாளி ஆட்சிக் கொள்கையோடும் பொதுமக்களோடும் தொடர்பற்றவன் என நீதியரசர் டக்ளஸ் எடுத்துக் காட்டினார். பல இலட்சம் குடிமக்களின் சுதந்திரம் இச்சட்டத்தால் தேய்ந்துபோவதாக நீதியரசர் பிளாக் கண்டித்தார். பெரும்பான்மையோர், கட்சிப் பற்று சேவையின் செம்மையைக் கெடுக்கும் எனச் சட்டமன்றம் கருதுவது நியாயமே என்றனர்.

1973இல் தபாற்காரர் சங்கமும் தோற்றது. சட்டத்தைத் தளர்த்தும் மசோதாக்களை 1976இல் போர்ட்டும் 1990இல் புஷ்ஷும் நிராகரித்தனர். 1993இல் கிளின்ரன் கையொப்பமிட்ட திருத்தமே கூட்டரசு ஊழியருட் பெரும்பாலோர் கடமை நேரத்துக்குப் புறம்பே கட்சிப்பணி செய்ய இடமளித்தது. கட்சிக்கெனப் பணம் திரட்டுவதும் கட்சி வேட்பாளராய் நிற்பதும் அதன் பின்னும் விலக்கப்பட்டேயிருந்தன.