நீதிமன்ற வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து

1873. புதுச்சேரி நீதிமன்றம். பொன்னுத்தம்பி பிள்ளை என்கிற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து உள்ளே வருகிறார். நீதிபதிக்குப் பொறுக்கவில்லை. மரியாதைக் குறைவு என்று தண்டிக்கிறார். கட்சிக்காரனுக்காக வாதாட வந்தவர் அந்தக் கணத்தில் தானே குற்றவாளி. குற்றம் செய்தது கால்.

'கழட்டி வச்சிட்டுப் போனா என்ன கொறஞ்சு போச்சு' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கக்கூடும். அதே கூடத்தில் வெள்ளைக்காரன் காலிலிருந்தால் சப்பாத்து மரியாதையின் அடையாளம். தமிழன் காலுக்கு வந்ததும் அவமதிப்பு. வெறுங்காலே பணிவு என்கிற இலக்கணம் பாரிசிலிருந்து கப்பலேறி வந்ததல்ல. நம் ஊர்த் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டது. நிறவெறி இங்கே சாதியின் மொழியில்தான் பேசியது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கவர்னர் மாளிகையில் பாதரட்சையோடு நடக்கும் சலுகை இருந்ததே என்பார்கள். இருந்தது, சலுகையாக. பொன்னுத்தம்பி கேட்டதோ உரிமை.

வழக்கு பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. ழூல் கொதேன் வாதாடினார். பொன்னுத்தம்பி வென்றார். நமது வரலாறுகள் பொதுவாக இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நின்றுவிடும். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்தியர்களின் குடும்ப, சொத்து விவகாரங்களை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பது என்று 1819இலேயே பிரெஞ்சு நிர்வாகம் ஆணையிட்டிருந்தது. 'சமத்துவம், சகோதரத்துவம்' பேசிய தேசம் சாதியைச் சட்டமாகவே காப்பாற்றிக்கொடுத்தது. 21 செப்டம்பர் 1881 ஆணை இதிலிருந்து வெளியேற ஒரு வழி வைத்தது. 21 வயதானவர் எவரும் தன் 'சொந்தச் சட்ட' அந்தஸ்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போகலாம். திரும்பி வர முடியாது. முன்வரிசையில் நின்ற பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் 'வாசற்கதவு' என்று பொருள்.

ரெனோன்சான்களாகப் பதிந்தவர்களில் கிறித்தவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் மிகுதி. 'பிள்ளை' பட்டத்தைக் கழற்றுவது வேறு, பிறர் சூட்டிய இழிபெயரைக் கழற்றுவது வேறு. முன்னது தியாகம், பின்னது விடுதலை. இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லும்போது தலித் காணாமல் போகிறான். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டதற்காக அடிபட்டவனுக்காகப் பாரிசில் யார் வாதாடினார்கள்?

கதவைத் தாண்டியவர்களுக்கு உள்ளே காத்திருந்தது என்ன? 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். 'நீயும் பிரெஞ்சுக்காரன்தான், ஆனா தனியா ஒக்காரு.' ரெனோன்சான்களை எதிர்த்துச் சாதி இந்துக்களைத் திரட்டிய சண்முக வேலாயுத முதலியாருக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. 1899இல் அந்தத் தனிப் பட்டியலும் ஒழிந்தது. ரெனோன்சான்களில் பெரும்பாலோர் இந்தியர் பட்டியலுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சட்டத்தில் திரும்ப முடியாதவர்களை அரசியலில் திருப்பிவிட்டார்கள்.

1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்தக் குடும்பங்களில் பலர் சொல்தாக்களாகப் போய்ப் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கிறார்கள். இந்தியக் குடிமக்களாகிவிட்ட ரெனோன்சான்களுக்கும் திருமணம், வாரிசுரிமை விஷயங்களில் இன்னும் பிரெஞ்சுச் சிவில் சட்டம்தான். பத்திரத்தில் பிரெஞ்சுப் பெயர். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மட்டும் பழைய கேள்வியை, குரலைத் தாழ்த்தி, இப்போதும் கேட்கிறார்கள்.