இளநிலை மாணவர் ஆய்வு

இளநிலை மாணவர் ஆய்வு என்பது முதற்பட்டம் பயிலும் மாணவர் ஒருவர், பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில், விடை முன்னரே அறியப்படாத ஒரு வினாவை ஆராய்வதைக் குறிக்கும். ஆய்வகச் செய்முறைப் பயிற்சிகளிலிருந்து இது இவ்வகையிலேயே வேறுபடுகின்றது. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளுள் பல, முந்தைய ஆண்டு அறிக்கைகளின் படிகளாகவே அமைவதால் அவற்றை இதனுள் அடக்குவது பொருந்தாது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகம், மார்கரெட் மெக்விக்கரின் முயற்சியால் 1969இல் இதனை முறையான திட்டமாகத் தொடங்கியது. எனினும், திட்டம் எதுவுமின்றியே சென்னை மாநிலக் கல்லூரியில் இது நிகழ்ந்துள்ளது. அங்குப் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928இல் சென்னைக்கு வந்த செருமானிய இயற்பியலாளர் ஆர்னோல்டு சொம்மர்ஃபெல்டைச் சந்தித்தார். அவர் எழுதிய நூலைக் கற்றுத் தேர்ந்திருந்த மாணவருக்கு, அந்நூலின் இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை அவரே தெரிவித்தார். அச்சில் இருந்த தமது புதிய கட்டுரையையும் கொடுத்தார். அதனைக் கற்று எழுதிய கட்டுரையைச் சந்திரசேகர் கேம்பிரிச்சில் இருந்த ஆர். எச். ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயிற்று. அவர் பட்டம் பெற்றது 1930இல்தான்.

இந்தியாவில் வாய்ப்புகள்

மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் மாணவர்கள் இரு மாதங்கள் ஓர் ஆய்வாளரிடம் பணியாற்றலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகத்தின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றோர் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்தெடுக்க இயலும்.

தொடங்கும் முறை

பேராசிரியரின் கட்டுரைகளுள் ஒன்றிரண்டைப் படித்து, புரியாத ஓரிடத்தைச் சுட்டி எழுதும் மடல், தன்விவரக் குறிப்பை மட்டும் இணைத்து நூறு பேருக்கு அனுப்பும் மடலினும் மறுமொழி பெறும் வாய்ப்பு மிகுதி. முதற்பணி தரவைச் சரிபார்த்தல் போன்ற சலிப்பூட்டும் வேலையாகவே இருக்கும். கட்டுரையில் யார் பெயர் இடம்பெறும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. கேட்கத் தயங்கிப் பின்னர் வருந்தும் மாணவர்கள் உண்டு.

மேகமலை: ஓர் எடுத்துக்காட்டு

தேனி மாவட்டத்தின் மேகமலையில் (ஹைவேவிஸ்) தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கசு அட்டன், 1948இல் ஒரு வௌவாலைச் சேகரித்தார். அது பொதுவான பழந்தின்னி வௌவால் எனத் தவறாக அடையாளம் காணப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, புதிய பேரினம் எனக் கண்டு, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். 24 ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்த மாதிரி ஒன்றே அக்கண்டுபிடிப்புக்குப் போதுமானதாயிற்று.

மேகமலை 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியின்றி அங்கு உயிரினங்களைச் சேகரிப்பது, பாடத்திட்டத்துக்காக என்றாலும், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அனுமதிக்கு மாணவர் தனியே அன்றித் தம் கல்லூரி வாயிலாகவே விண்ணப்பிப்பது வழக்கம். அதற்குப் பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், ஒரு பருவத்துள் முடிக்கவேண்டிய ஆய்வுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும், உரிமையாளரின் இசைவுடன், ஏற்ற களங்களாகும்.