அடுப்பும் கிணறும்: தர்மபுரியில் எரிசக்திச் சிக்கனமும் அரசு நிதியும்

எரிசக்திச் சிக்கனத்துக்காக, அதாவது அதே வேலையைக் குறைந்த எரிபொருளிலோ மின்சாரத்திலோ செய்து முடிப்பதற்காக, வீடுகளுக்கு அரசு பணம் கொடுக்கும் வழக்கம் குளிர்நாடுகளில் சுவரிலிருந்து தொடங்கியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1976இல் அமெரிக்க அரசு ஏழைகளின் வீடுகளில் வெப்பம் வெளியேறாமல் அடைப்பதற்கு நிதி ஒதுக்கும் திட்டமொன்றை உருவாக்கியது. வீட்டைச் சூடாக்கும் தேவையே இல்லாத தர்மபுரியில் அந்த வரலாறு அடுப்பிலும் கிணற்றிலும் தொடங்குகிறது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து சென்றபின் இன்றைய உருவம் பெற்ற இம்மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு என்பதால், பென்னாகரம், அரூர் பகுதிகளின் சமையல் நெடுங்காலம் விறகையும் சுள்ளியையும் நம்பியே நடந்தது.

விறகைக் குறைக்கும் அடுப்பைத் தேடும் முயற்சி இந்தியாவில் விடுதலைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஜே.சி. குமரப்பா வழிநடத்திய கிராமத் தொழில் இயக்கத்தின் மகன்வாடி மையத்திலிருந்து 1947இல் ஓர் அடுப்பு வந்தது; ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லாச் சமையலறை குறித்து 1953இல் நூலே எழுதினார். மைய அரசு 1983இல் சோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டுகளில் நாடு முழுவதும் விரித்த மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில், செலவில் பாதிக்குக் குறையாத தொகையை அரசே மானியமாக ஏற்றது. இரண்டு வாயும் ஒரு புகைபோக்கியும் கொண்ட அந்த மண் அடுப்பில், முதல் வாயில் எரியும் தீயின் சூடு உட்குழாய் வழியே இரண்டாம் பானையைச் சூடாக்கிவிட்டுக் கூரைக்கு மேல் வெளியேறும். சாதாரண அடுப்பு விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கையே பானைக்குத் தருகிறது என்றால், இது ஐந்தில் ஒரு பங்கைத் தரவேண்டும் என்பது இலக்கு.

இலக்கு சரியானதே, ஆனால் தர்மபுரியின் உணவு கேழ்வரகுக் களி. கொதிக்கும் மாவைத் துடுப்பால் பலங்கொண்டு கிண்டும்போது பானை அசையாதபடி அடுப்பு தாங்கவேண்டும். பானையின் அளவு வாயின் அளவோடு பொருந்தாவிட்டால் இடுக்கின் வழியே புகை திரும்பி வரும். களிக்கு ஒரே பானை போதும் என்ற நாளில் இரண்டாம் வாயை மூடாமல் விட்டாலும் அதுவே நேரும். விறகைச் சிறிதாகப் பிளக்கவேண்டும், புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது தட்டவேண்டும், வெடித்த விளிம்புக்கு மண் பூசவேண்டும். அடுப்பைக் கட்டித் தர மானியம் இருந்தது. வெடித்த அடுப்பைச் செப்பனிட எவரும் நியமிக்கப்படவில்லை. அடுப்புகள் கைவிடப்பட்டதற்குப் பெண்கள் பழக்கத்தை விடவில்லை என்று காரணம் கூறுவது நியாயமன்று, ஏனெனில் அவர்களுடைய சமையலைக் கேட்டறியாமல் அடுப்பை வடிவமைத்தது திட்டத்தின் பிழை. நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கணக்கில் காட்டிய பின், 2002இல் மைய அரசு இத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

1981-82இல் தொடங்கிய சாண எரிவாயுத் திட்டத்துக்கும் மானியம் தாராளமாகவே இருந்தது. ஆயினும் 2 கன மீட்டர் கலன் ஒன்றுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணமும் அதற்கு ஈடான தண்ணீரும் வேண்டும் என்பதால், கோடையில் குடிநீருக்கே குடத்தோடு நடக்கும் மானாவாரி ஊர்களில் அது மாடும் கிணறும் உள்ள குடும்பங்களுக்கே பயன்பட்டது.

விளக்கின் கதை வேறு. குடிசைகளுக்குக் கட்டணமின்றித் தரப்பட்ட ஒற்றை விளக்கு 40 வாட் குண்டு பல்பு; 2011இல் தமிழ்நாடு அரசு அறிவித்த பசுமை வீடுகளில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளும் சேர்த்தே தரப்பட்டன. 2015இல் மைய அரசு தொடங்கிய எல்இடி திட்டமோ மானியமே இல்லாமல், மொத்தக் கொள்முதலின் வலிமையால் மட்டும், ஏறத்தாழ 310 ரூபாயாக இருந்த 9 வாட் பல்பின் கொள்முதல் விலையை 2016க்குள் 40 ரூபாய்க்கும் கீழே இறக்கியது. பழைய குண்டு பல்பைவிட இருமடங்கு வெளிச்சத்தை அதன் மின்சாரத்தில் கால்பங்குக்கும் குறைவாகச் செலவிட்டுத் தரும் விளக்கு குடிசைக்கும் எட்டியது.

சிறுதொழில்களுக்கு எரிசக்தித் தணிக்கை, அதாவது ஆலையில் எங்கே எவ்வளவு எரிபொருள் வீணாகிறது என்று வல்லுநர் அளந்து தரும் அறிக்கை, மாநில அரசின் உதவிக்கு முதல்படியாக வைக்கப்பட்டது. தணிக்கைக் கட்டணத்தில் 75 விழுக்காட்டையும், பரிந்துரைக்கப்பட்ட இயந்திரத்தின் விலையில் ஒரு பகுதியையும் அரசு திருப்பித் தருகிறது. பதிவும் ரசீதும் உள்ள பட்டறைக்கு இது நல்ல உதவி. கரும்புச் சக்கையையே எரித்து, பருவத்தில் மட்டும் கொப்பரை ஏற்றும் வெல்ல ஆலைக்கு இத்தகைய ஏற்பாடு எளிதில் பொருந்துவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தொகை கிணற்றுக்குச் சென்றது. மாடு கட்டிக் கவலை இறைத்த பாறைக் கிணறுகளில் மோட்டார் வந்தபின், 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. வறண்ட நிலத்தில் அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. அந்த உதவியைக் குறை கூற இடமில்லை. ஆனால் பலமுறை சுருள் கட்டிய பழைய மோட்டாரும், அடைப்பேறிய ஃபுட்வால்வும், குறுகிய இரும்புக் குழாயும் விழுங்கும் மின்சாரத்துக்கு விவசாயி கட்டணம் செலுத்தாததால், அவற்றை மாற்றுவதில் மிச்சமாகும் பணம் மின்வாரியத்துக்குச் சேர, புதிய மோட்டார் வாங்கும் கடன் மட்டும் விவசாயியின் தலையில் விழுந்தது. வேளாண்மைப் பொறியியல் துறை சிறு, குறு விவசாயிகளுக்குப் பழைய மோட்டாரை மாற்ற 10,000 ரூபாய் அளவில் மானியம் அறிவித்தது, இலவச மின்சாரம் தொடங்கி 30 ஆண்டுகள் கடந்த பிறகே.