பேசவல்லோர்: கிளிங்கான்கள் பகைவராக இருந்து மக்களான வரலாறு

1967 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' அத்தியாயம் ஒன்றில் கிளிங்கான் என்னும் வேற்றுலக இனம் முதன்முதலாகத் தோன்றியது. எழுதியவர் ஜீன் எல். கூன். மனிதர் முதன்மை வகிக்கும் கோள்களின் கூட்டமைப்பு ஒருபுறம், கிளிங்கான் பேரரசு மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஆர்கேனியா என்னும் எளிய கோள். இரு வல்லரசுகளும் அதைத் தம்வசமாக்க முயல்கின்றன. வியட்நாம் போர் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆண்டில் அமெரிக்கப் பார்வையாளருக்கு இந்த உருவகத்தை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆடு மேய்ப்போர் போலத் தோன்றிய ஆர்கேனியர் உண்மையில் உடலற்ற பேராற்றல் கொண்டோர் என்பதும், இரு தரப்பின் ஆயுதங்களையும் அவர்கள் ஒருசேரச் செயலிழக்கச் செய்வதும் கதையின் முடிவு. கூனின் கண்டனம் இரு தரப்பையும் நோக்கியது. ஆயினும் பார்வையாளர் நினைவில் தங்கியது அந்த நடுநிலை அன்று. ஒரு பகை இனத்தின் முகம்.

அம்முகம் எப்படி உருவாக்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது. கோர் என்னும் கிளிங்கான் தளபதியாக நடித்த ஜான் கோலிகோஸ், செங்கிஸ்கானை ஒத்த தோற்றத்தைத் தாமே பரிந்துரைத்ததாகப் பின்னாளில் கூறினார். கருமை பூசிய முகம், தொங்கும் மீசை, வளைந்த புருவம். சோவியத் ஒன்றியத்தைக் குறிக்க வந்த இனத்துக்கு மங்கோலிய வேடம் பூட்டப்பட்டது. தொடரின் செலவுச் சுருக்கத்தை மட்டும் இதற்குக் காரணமாகக் காட்ட இயலாது. கீழைத் தேயத்தான் கொடியவன் என்னும் பழைய மேலைக் கற்பிதம் ஒப்பனைப் பெட்டியில் ஆயத்தமாக இருந்தது. அது எடுத்துப் பயன்படுத்தப்பட்டது.

இதைவிட நுட்பமான குறை ஒன்றும் உண்டு. கிளிங்கான்களுக்கு மொழி இல்லை. அவர்கள் தமக்குள்ளும் ஆங்கிலமே பேசினர். 1967 டிசம்பரில் வந்த மற்றோர் அத்தியாயத்தில், விண்வெளியின் பாதிப் பேர் கிளிங்கான் மொழியைக் கற்றுவருகின்றனர் என ஒரு கிளிங்கான் பெருமையடிக்கிறான். அந்தப் பெருமையும் ஆங்கிலத்திலேயே வருகிறது. 1969இல் தொடர் நிற்கும்வரை அம்மொழியின் ஒரு சொல்கூட ஒலிக்கவில்லை.

1979இல் வெளியான முதல் திரைப்படத்தில் நெற்றி எலும்பு மேடுகளோடு கிளிங்கான்கள் திரும்பி வந்தனர். சில கட்டளைச் சொற்களும் ஒலித்தன. அவற்றை உருவாக்கியவர், தொடரில் பொறியாளராக நடித்த ஜேம்ஸ் டூஹன். அவை வெறும் ஒலிகள், இலக்கணம் இல்லை.

இலக்கணம் தந்தவர் மார்க் ஒக்ராண்ட். அவர் 1977இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெற்ற முனைவர் பட்டம் முட்சுன் மொழியின் இலக்கணத்துக்கானது. முட்சுன், கலிஃபோர்னியக் கடற்கரைப் பழங்குடியினரின் மொழி. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரான அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் மறைந்தார். ஒக்ராண்ட் அம்மொழியை எவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை; ஜே. பி. ஹாரிங்டன் முதலியோர் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புகளிலிருந்து இலக்கணத்தை மீட்டெடுத்தார். பேசுவோர் இல்லாத மொழியைத் தாளிலிருந்து கட்டியெழுப்பப் பழகியவர், பேசுவோர் ஒருபோதும் இருந்திராத மொழியைக் கட்டியெழுப்ப அழைக்கப்பட்டார். 1982இல் வல்கன் இனத்தாரின் சில வசனங்களை, ஏற்கெனவே ஆங்கிலத்தில் படமாக்கப்பட்ட உதட்டசைவுக்குப் பொருந்துமாறு அமைத்துக் கொடுத்ததே அவருக்கு வாயிலைத் திறந்தது. 1984இல் மூன்றாம் திரைப்படத்துக்குக் கிளிங்கான் மொழி ஆயத்தமானது. 1985இல் அதன் அகராதி நூலாக வெளிவந்தது.

ஒக்ராண்டின் வழிமுறை எளியது. ஒலிகள் அனைத்தும் மண்ணுலக மொழிகளில் உள்ளவையே. ஆனால் அவை சேர்ந்திருக்கும் விதம் இயல்பானதன்று. தமிழர் 'வண்டி' என்கையில் எழும் நாவளை டகரம் அதில் உண்டு. அதற்கு இணையான நாவளை வல்லொலி, குரலிலா வடிவில், இல்லை. அத்தகைய ஒலி முறைமையைக் களத்தில் காணும் மொழியியலாளர் தம் குறிப்பேட்டைத்தான் முதலில் ஐயுறுவார். தொடரமைப்பிலும் அதே போக்கு. எழுவாய் செயப்படுபொருளுக்கு முன் வருவதே மொழிகளின் பெருவழக்கு என ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் நிறுவியிருந்தார். ஒக்ராண்ட் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் தலைகீழ் வரிசையை எடுத்துக்கொண்டார். இதிலும் ஒரு வேடிக்கை: பிரேசிலின் ஹிஷ்கரியானா மொழியில் அதே வரிசை அடிப்படையாக உள்ளது என டெஸ்மண்ட் டெர்பிஷைர் 1977இலேயே எழுதிவிட்டார். வேற்றுலகுக்குரியதென எண்ணப்பட்டது அமேசான் பகுதியில் வழங்கிக்கொண்டிருந்தது.

எனினும் இவ்வரலாற்றில் முதன்மை பெறவேண்டியது பலராலும் பேசப்படும் இந்தச் சொல்வரிசை அன்று, பெயர்ச்சொல்லின் விகுதிகள். கிளிங்கான் மொழியில் பன்மை விகுதி மூன்று. உடலுறுப்புகளுக்கு ஒன்று, பொதுவாக ஏனைய பொருள்களுக்கு ஒன்று, மொழி பேசவல்ல உயிர்களுக்கு ஒன்று. மூன்றாவது 'பு' என ஒலித்துக் குரல்வளை அடைப்பில் முடியும். உடைமை விகுதிகளிலும் இதே பாகுபாடு உண்டு: 'என் தலைவன்' என்பதற்கு ஒரு விகுதி, 'என் வீடு' என்பதற்கு வேறொன்று. பேசவல்ல உயிருக்கு வீட்டுக்குரிய விகுதியைச் சேர்த்தால் அது இலக்கணப் பிழை ஆகாது, இழிவுபடுத்தல் ஆகும் என்கிறது அகராதி. ஒருவரை 'அது' என்று சுட்டினால் தமிழில் என்ன நேருமோ அதுவே அங்கும் நேர்கிறது.

தமிழ் இலக்கணம் பயின்றவருக்குத் திணைப் பாகுபாடு உடனே நினைவுக்கு வரும். ஆனால் வேறுபாடு கூர்மையானது. தொல்காப்பியம் உயர்திணையை மக்கள் என்னும் கருத்தின்மீது நிறுத்துகிறது. கிளிங்கான் இலக்கணம் பேசும் ஆற்றலின்மீது நிறுத்துகிறது. இன்றைய தமிழில் குழந்தை 'அழுகிறது'; கிளிங்கான் அகராதியிலோ குழந்தை பேசவல்லோர் வகையில்தான் பன்மை பெறுகிறது. பல இனங்கள் கூடி வாழும் விண்மீன் சமூகத்தில் 'மக்கள்' என்றால் எந்த மக்கள் என்னும் வினா எழும். பேசவல்லோர் என்னும் வகைக்குள் மனிதனும் அடங்குவான், வல்கனும் அடங்குவான், கிளிங்கானும் அடங்குவான். பகைவனுக்கென எழுதப்பட்ட இலக்கணம், கதையின் கூட்டமைப்பைக் காட்டிலும் விரிந்த மனத்தோடு அமைந்துவிட்டது.

கதை இவ்விடத்தை எட்டச் சில ஆண்டுகள் ஆயின. 1987இல் தொடங்கிய புதிய தொடரில் வோர்ஃப் என்னும் கிளிங்கான், கூட்டமைப்பின் கப்பலிலேயே அதிகாரியாக நின்றான். அவனை வளர்த்தோர் ருஷ்யப் பெயர் தாங்கிய மனிதப் பெற்றோர் எனப் பின்னர் காட்டப்பட்டது, பனிப்போர் உருவகத்தின்மீது எழுத்தாளர்கள் செய்த மெல்லிய கேலி. 1991 டிசம்பர் தொடக்கத்தில், சோவியத் ஒன்றியம் கலைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, நிக்கோலஸ் மேயர் இயக்கிய ஆறாம் திரைப்படம் வெளிவந்தது. கிளிங்கான்களின் ஆற்றல் ஆதாரமான நிலவு வெடிக்கிறது. பேரரசு அமைதி கோருகிறது. செர்னோபிலும் கோர்பச்சேவும் மறைவின்றியே தெரிகின்றனர்.

அப்படத்தின் விருந்துக் காட்சியில் கூட்டமைப்பினர் மனித உரிமை பற்றிப் பேசுகின்றனர். கிளிங்கான் தலைவரின் மகள் அஸெட்பர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறாள்: அந்தப் பெயரே இனவாதம், கூட்டமைப்பு மனிதருக்கு மட்டுமான மன்றம் என்கிறாள். எதிரே இருப்பவர்களிடம் அதற்குத் தகுந்த விடை இல்லை. 1985ஆம் ஆண்டு அகராதியின் விகுதிப் பக்கம் அரசியல் வாதமாக மாறிய இடம் இது எனலாம். திரைக்கதையாளர்கள் அப்பக்கத்தை எண்ணித்தான் எழுதினர் எனக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வினாவின் முன் நிற்கின்றன என்பது போதும்.

அதே படத்துக்காக ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியின் தொடக்கத்தைக் கிளிங்கானில் தரவேண்டி வந்தபோது ஒக்ராண்ட் இடர்ப்பட்டார். 'இரு' என்பதற்கு நிகரான வினையை அம்மொழியில் அவர் வேண்டுமென்றே வைக்கவில்லை. 'வாழ்வதா, வாழாதிருப்பதா' என முதலில் அமைத்தார். நடிகர் கிறிஸ்டஃபர் பிளம்மருக்கு அதன் ஓசை பிடிக்கவில்லை. பின்னர் 'தொடர்வதா' என்னும் பொருளில் புதுவினை ஒன்று பிறந்தது. நடிகரின் நாவுக்காக மொழி வளைந்த நிகழ்வு இது ஒன்றன்று. 1992இல் கிளிங்கான் மொழி நிறுவனம் அமெரிக்காவில் தோன்றியது. 1996இல் ஹாம்லெட் முழுவதும் அம்மொழியில் அச்சாயிற்று.

அதன்பின் வந்தது உரிமைச் சிக்கல். 2015 இறுதியில், ரசிகர் குழு ஒன்று தயாரித்த ஸ்டார் ட்ரெக் படத்தை எதிர்த்துப் பாரமவுண்ட், சி.பி.எஸ். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016இல் திருத்திய மனுவில், தம் உடைமைகளின் பட்டியலில் கிளிங்கான் மொழியையும் சேர்த்தன. மொழியாக்கச் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்கு நண்பர் உரை அளித்தது. கிளிங்கானில் எழுதிய தொடர்களையும் இடையிடையே கொண்டிருந்த அவ்வுரை, ஒரு மொழி எவருக்கும் சொத்தாக இயலாது என வாதிட்டது. நிறுவனங்களின் மறுமொழி இவ்விடத்தில்தான் 1967க்குத் திரும்பிச் சென்றது. மொழி என்பது பிறரோடு தொடர்புகொள்ள உதவினால் மட்டுமே பயனுடையது. தொடர்புகொள்ளக் கிளிங்கான்கள் எவரும் இல்லையே என்று அவை வாதாடின. அதை நாள்தோறும் கற்றும் எழுதியும் வந்த மனிதர்கள் அக்கணக்கில் சேரவில்லை. 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மொழியின் உரிமை பற்றி நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் கூறவில்லை.